தங்கவயலைக் கரிவயல் ஆக்கிய கடிதம்

1

சென்ற செவ்வாய்க்கிழமை எங்கள் தொகுதி எம்.பி.யின் அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. கெட்டியான தாள், மேலே அரசு முத்திரை, கீழே அவரே பேனாவால் போட்ட கையெழுத்து. என்னைச் சந்தித்ததில் மகிழ்ச்சி என்றது முதல் பத்தி. இரண்டாம் பத்தி இது: "கோலார் கரிவயலில் பிறந்து வளர்ந்தவர் என்ற முறையில், நிலக்கரியை நம்பி வாழும் குடும்பங்களின் கவலை உங்களைவிட யாருக்கு நன்றாகத் தெரியும்? ஆகவே இந்த விஷயத்தில் நாம் ஒரே பக்கம் நிற்கிறோம் என்றே நம்புகிறேன்."

அடுப்பில் பருப்பு பொங்கி வழிந்தது. நான் நகரவில்லை.

கரிவயல். அவருடைய வரவேற்பறையில் கொடுத்த படிவத்தில் தங்கவயல் என்று பெரிய எழுத்தில் எழுதியிருந்தேன். உதவியாளர் பெண்ணிடம் வாயாலும் சொன்னேன். உள்ளே அவரிடம் இன்னொரு முறை சொன்னபோது, தங்கமா என்று புருவத்தை உயர்த்தக்கூடச் செய்தார். இரண்டு மாதம் கழித்து வந்த பதிலில் தங்கம் கரியாகிவிட்டது.

இந்த நாட்டுக்கு வந்து ஒன்பது வருடம். வசந்தா என்ற என் பெயரைச் சரியாக எழுதிய அலுவலகம் ஒன்றுகூட இல்லை. வசண்டா, வாசென்டா, ஒருமுறை மருந்துச் சீட்டில் வெறும் வேசன். அதற்கெல்லாம் கோபப்படுவதை எப்போதோ விட்டுவிட்டேன். இது வேறு. பிறந்த ஊரை மாற்றி எழுதி, அந்த இல்லாத ஊரை வைத்தே தம்முடைய பேச்சை என் வாயில் திணித்திருக்கிறார். நான் எதைக் கேட்கப் போனேனோ அதற்கு நேர் எதிரானதை நானே சொன்னதாக ஒரு தாள் என் சமையலறை மேசைமேல் கிடக்கிறது.

ஊரிலிருந்து இதைப் படிப்பவர்களுக்கு, நான் என்ன கேட்கப் போனேன் என்று முதலில் சொல்ல வேண்டும். கொஞ்சம் காரமாக இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

ஆஸ்திரேலியாவில், சிட்னிக்கு வடக்கே, நிலக்கரி தோண்டும் ஒரு பள்ளத்தாக்கில் எங்கள் வீடு. என் கணவர் மனோகரன் தங்கவயலில் மண்வாரி இயந்திரங்கள் செய்யும் பெரிய தொழிற்சாலையில் மெக்கானிக்காக இருந்தவர். அந்தத் தொழிலைக் காட்டித்தான் 1992இல் இங்கே குடியேற அனுமதி வாங்கினோம். இப்போது ஒரு திறந்தவெளிச் சுரங்கத்தில் அதே மாதிரி இயந்திரங்களைப் பழுது பார்க்கிறார். நான் முதியோர் இல்லத்தில் உதவியாளர். குளிப்பாட்டி, உடை மாற்றி, ஊட்டிவிடுகிற வேலை. மகள் நித்யாவுக்குப் பதினைந்து வயது. நாங்கள் சாப்பிடுவது நிலக்கரிச் சோறு. அதை நான் எங்கேயும் மறைத்ததில்லை.

வீட்டுக்குப் பின்னால் ரயில் பாதை. பகல் முழுதும் கரி வண்டிகள் துறைமுகத்துக்குப் போகும். கொடியில் போட்ட வெள்ளைச் சட்டையில் மாலைக்குள் சாம்பல் படியும். வந்த புதிதில் அந்தச் சட்டையை உதறும்போதெல்லாம் கோரமண்டல் கண்முன் வரும்.

நான் தங்கவயலில், கோரமண்டல் என்ற சுரங்கப் பகுதியில், கம்பெனி கட்டிய லைன் வீட்டில் பிறந்தவள். வட ஆற்காட்டிலிருந்து சுரங்க வேலைக்கு வந்த குடும்பம். எங்கள் லைனின் கடைசி வீட்டைத் தாண்டினால் சைனைட் மேடு. தங்கத்தைப் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சிய அரைத்த கல், குன்று குன்றாகக் கொட்டிக் கிடக்கும். ஆடிக் காற்று கிளம்பினால் அந்தத் தூள் கதவிடுக்கு வழியாக உள்ளே வரும். அம்மா ஈரத் துணியால் பானையை மூடுவாள். அப்படியும் களியைக் கடித்தால் பல்லுக்கடியில் நறநற என்னும். அப்பா பூமிக்கடியில் பாறையில் துளை போடும் வேலை. கீழே ஒரு தூள், மேலே ஒரு தூள். ஐம்பத்திரண்டு வயதில் ஊரிகம் ரயில்வே ஸ்டேஷன் படியில் பாதி ஏறி உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகு அவர் எந்தப் படியும் ஏறவில்லை. அடுத்த ஆடிக்கு முன் போய்விட்டார்.

எடுத்த தங்கத்துக்கு அன்றன்றைக்கு விலை இருந்தது. விட்டுப்போன தூளுக்கு விலை கிடையாது. விலை இல்லாததால் அதற்குச் சொந்தக்காரர் இல்லை. சொந்தக்காரர் இல்லாததால் அது எங்கள் அப்பாவின் நெஞ்சில் போய்த் தங்கியது. இதை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை.

ஆகவே மூன்று வருடம் முன்பு இந்த ஊர் நூலகத்தின் பலகையில் "கார்பனுக்கு நாடு முழுதும் ஒரு விலை: விருப்பமுள்ளவர்கள் வரலாம், சனிக்கிழமை காலை பத்து மணி" என்ற தாளைப் பார்த்தபோது நின்று இரண்டு முறை படித்தேன். கரியையும் எண்ணெயையும் எரித்து வானத்தில் விடும் புகை இன்று இலவசம். அந்தப் புகை உலகத்தைச் சூடாக்குகிறது, மழையைக் குலைக்கிறது என்கிறார்கள். ஒவ்வொரு டன் புகைக்கும் சட்டப்படி ஒரு விலை வைத்தால், விடுகிறவன் குறைக்க வழி தேடுவான். இவ்வளவுதான் கோரிக்கை. அதைக் கட்சி சாராத சாதாரண ஜனங்கள், சம்பளம் எதுவும் இல்லாமல், தங்கள் எம்.பி.யை நேரில் பார்த்துக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

என் தம்பி பழனியிடம் போனில் சொன்னேன். கார்பன் என்றால் ஊரில் எங்களுக்கு டைப் இன்ஸ்டிடியூட்டில் தாளுக்கு நடுவே வைக்கிற நீலத் தாள்தான்.

"இன்னாக்கா, டைப் அடிக்கறவன் உனக்கு இன்னா பண்ணான், அவனுக்குப் போய் வரி போடச் சொல்றே" என்றான்.

சிரித்தோம். அப்போது பழனி சுரங்கத்தில் பம்ப் ஆபரேட்டர். வேலை இருந்தது. சிரிக்க முடிந்தது.

3

எங்கள் குழுவில் ஏழு பேர். தலைவி என்று யாரும் கிடையாது என்பார்கள், ஆனால் மார்கரெட் சொல்வதுதான் நடக்கும். ஓய்வுபெற்ற பூகோள ஆசிரியை, நல்லவர். எம்.பி.யைப் பார்க்கப் போவதற்கு விதிகள் வைத்திருந்தார். முதலில் அவர் செய்த ஏதாவது ஒரு நல்ல காரியத்துக்கு நன்றி சொல். ஒரே ஒரு கோரிக்கை வை. அவர் பேசும்போது குறுக்கே பேசாதே. எதற்காகவும் கோபப்படாதே.

கோபப்படாமல் பேசுவதற்கு நூலகத்தின் பின்னறையில் ஒத்திகை நடக்கும். மார்கரெட் எம்.பி.யாக உட்காருவார். "உங்கள் கருத்தை மதிக்கிறேன், ஆனால் இது சரியான நேரமில்லை" என்பார். நாங்கள் புன்னகைக்க வேண்டும். எனக்கு அது வரவே இல்லை. அப்பா இறந்த விதத்தைப் பல்லைக் காட்டிக்கொண்டு எப்படிச் சொல்வது என்று கேட்டேன். அறையில் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்.

வீட்டிலோ வேறு ஒத்திகை. மனோகரன் ஆரம்பத்தில் ஒன்றும் சொல்லவில்லை. சூப்பர்மார்க்கெட் வாசலில் மேசை போட்டுக் கையெழுத்து வாங்கத் தொடங்கிய பிறகு ஒருநாள், ஷூவின் கயிற்றை அவிழ்த்தபடியே சொன்னார்:

"உண்ட வீட்டுக்கு ரெண்டகம் பண்ணாதேம்பாங்க, வசந்தா."

"நான் உண்ட வீட்டை இடிக்கச் சொல்லலீங்க. புகைக்கு விலை வைக்கச் சொல்றேன்."

"எங்க ஒர்க்‌ஷாப்ல அந்த வித்தியாசம் யாருக்குப் புரியும்? எங்கூட வேலை செய்யறவன் பொண்டாட்டி உன் மேசையைத் தாண்டித்தான் பால் வாங்கப் போறா."

அதே மேசையைத் தாண்டித்தான் நித்யாவும் ஒரு சனிக்கிழமை போனாள். இரண்டு தோழிகளோடு வந்தவள் என்னைப் பார்த்ததும் சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் நடந்தாள். அந்தத் தோழிகளில் ஒருத்தியின் அப்பா சுரங்கத்தில் பெரிய டம்பர் லாரி ஓட்டுகிறவர். மாலையில் கேட்டபோது ஆங்கிலத்தில் சொன்னாள், "அம்மா, நீங்க சொல்றது தப்புன்னு நான் சொல்லலை. ஆனா என் ஸ்கூலுக்குப் பக்கத்துல சொல்லாதீங்க." நான் தமிழில் திட்டினேன். பாதி அவளுக்குப் புரியவில்லை. திட்டுவதற்குக்கூட எங்கள் இருவருக்கும் பொதுவாக ஒரு மொழி இல்லை என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

4

இந்த வருடம் பிப்ரவரி கடைசியில் தங்கவயல் சுரங்கம் மூடப்பட்டது. நூறு வருடத்துக்கும் மேலாக ஓடியது. செய்தியைப் பழனி எனக்குச் சொல்லவில்லை. அவன் மனைவி தேவகிதான் போன் செய்தாள்.

"அண்ணி, அவரு யார்கிட்டயும் பேச மாட்டேன்றாரு. ஷிப்ட்டுக்குப் போற நேரம் வந்தா சட்டைய மாட்டிகினு வாசல்ல உக்காந்துகிறாரு. நீங்க ஒரு தபா வந்துட்டுப் போங்க."

மார்ச்சில் போனேன், தனியாக. பெங்களூரிலிருந்து ரயிலில் வந்து கோரமண்டலில் இறங்கினேன். பழனி பிளாட்பாரத்தில் நின்றிருந்தான். முப்பத்தெட்டு வயது. நாலு மாதம் முன் அனுப்பிய போட்டோவில் இருந்தவனுக்குச் சித்தப்பா போல இருந்தான். பெட்டியை வாங்கிக்கொண்டு, "இன்னாக்கா, இளச்சுட்டே" என்றான். முன்னால் நடந்தான்.

லைனில் இருந்த மாற்றம் எனக்கு உடனே பிடிபடவில்லை. ஏதோ குறைகிறது என்று மட்டும் தெரிந்தது. பிற்பகலில்தான் விளங்கியது. ஷிப்ட்டுச் சங்கு ஊதவில்லை. சோறு வடிப்பதும், பிள்ளைகளை எழுப்புவதும், தண்ணீர் பிடிக்கப் போவதும் அந்தச் சங்கை வைத்துத்தான் நடந்தன. அது நின்றதும் பெண்கள் பொழுது தெரியாமல் அடிக்கடி வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் தேவகி என் பெட்டியிலிருந்து நித்யா அனுப்பிய சாக்லேட்டை எடுக்கும்போது எங்கள் குழுவின் துண்டறிக்கைகளும் வந்துவிட்டன. பழனி ஒன்றை எடுத்தான். ஆங்கிலத்தை விரல் வைத்து வைத்துப் படித்தான். பாதியில் விரல் நின்றது.

"இன்னாக்கா இது. சுரங்கத்தப் படிப்படியா மூடணும்னு எழுதிகீது."

"அது நிலக்கரிச் சுரங்கம்டா. புகைக்கு விலை வெச்சா, பழைய சுரங்கமெல்லாம்..."

"கரியோ தங்கமோ, கீழ எறங்கறவன் ஆளுதானே. மூடணும்னு எழுதி, கீழ உன் கையெழுத்து வேற."

"பழனி, அப்பா எதுனால செத்தாருன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும். ஆசுபத்திரிக்கு முதுகுல தூக்கினு போனது நானு. நீ அப்போ காலேஜ்ல இருந்தே." குரலை உயர்த்தாமல்தான் சொன்னான். "விலை போட வேணாம்னு நான் சொல்லல. நல்லாப் போடு. மூடனப்புறம் ஆளுக்கு இன்னா வழி? அத இதுல எங்க எழுதிகீறே? காட்டு."

தாளை வாங்கினேன். திருப்பினேன். இரண்டு பக்கமும் எனக்கு மனப்பாடம்; இருந்தும் தேடினேன். இல்லை. துருவக் கரடி இருந்தது. பவளப்பாறை இருந்தது. நாற்பது வருடத்தில் கடல் எவ்வளவு உயரும் என்ற படம் இருந்தது. பழனி இல்லை.

"வா" என்றான். "நம்ப ஷாஃப்ட்டக் காட்றேன்."

நடந்து போனோம். கேட்டுக்கு அந்தப் பக்கம் இரும்புக் கோபுரத்தின் மேல் சக்கரம் அசையாமல் நின்றது. அந்தச் சக்கரம் சுற்றினால்தான் கேஜ் என்ற கூண்டு ஷாஃப்ட் என்ற ஆழ்குழியில் ஆட்களை ஏற்றி இறக்கும்; வழியில் வரும் ஒவ்வொரு நிலத்தடித் தளமும் ஒரு லெவல். கேட்டில் இருந்த வாட்ச்மேன் பழனியைப் பார்த்து எழுந்து நின்றான். உள்ளே விடவில்லை. விடச் சொல்லிப் பழனியும் கேட்கவில்லை.

"என் கையில நாலு பம்ப்புக்கா. ஒன்னு நின்னாலே மேலேர்ந்து போன் மேல போன் வரும். ஒரு நாளு காய்ச்சலோட போய் ஓட்டிகீறேன். ஏன்னா பம்ப் நின்னா கீழ தண்ணி ஏறிடும், ஏறுனா ஆளு சாவான். இப்போ மொத்தமும் நின்னுகீது. ஒவ்வொரு லெவலா முழுகினே வருது. கேக்கறதுக்கு ஒரு போன் கூட இல்ல."

 பிடித்திருந்த கம்பிக் கதவை விட்டுவிட்டுத் திரும்பினான்.

எனக்கு வந்த கோபம் அவன்மேல் அல்ல. மூடியவர்கள்மேல்கூட அந்த நேரத்தில் அல்ல. எங்கள் தாளின்மேல். 'படிப்படியாக' என்ற அந்த ஒரு வார்த்தையின்மேல். நூலகத்தின் பின்னறையில், தேநீரும் பிஸ்கட்டும் சுற்றி வர, 'உடனடியாக' என்று போடலாமா 'படிப்படியாக' என்று போடலாமா என்று அரை மணி நேரம் பேசினோம். படிப்படியாக என்றால் இரக்கமுள்ளதாகத் தெரியும் என்று சொன்னவளே நான்தான். அந்த இரக்கத்தின் கடைசிப் படியில் என் தம்பி ஷிப்ட்டுச் சட்டையோடு உட்கார்ந்திருக்கிறான்.

5

திரும்பி வந்த முதல் சனிக்கிழமை குழுவில் சொன்னேன். தாளில் இன்னொரு வரி சேர்க்க வேண்டும். புகை விலையில் வரும் பணம் முதலில் போக வேண்டிய இடம், வேலை இழக்கும் சுரங்கத் தொழிலாளியின் குடும்பம். வேறு வேலை கையில் கொடுத்த பிறகுதான் மூடலாம். அது சட்டத்திலேயே எழுதப்பட வேண்டும்.

மார்கரெட் பொறுமையாகக் கேட்டார். "ஒரு தாள், ஒரு கோரிக்கை, வசந்தா. இரண்டு கேட்டால் அவர்கள் இரண்டாவதைப் பிடித்துக்கொண்டு முதலாவதை விட்டுவிடுவார்கள்."

"அப்போ என் தம்பி எத்தனையாவது?"

 பல்கலைக்கழகத்தில் படிக்கும் ஒரு பையன், விலை நடைமுறைக்கு வந்த பிறகு இதையெல்லாம் பேசிக்கொள்ளலாம் என்றான். சுரங்கத்தைப் படத்தில் மட்டும் பார்த்தவன். பிறகு என்பது எப்படி இருக்கும் என்று நான் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தேன்.

இருந்தும் ஜூன் மாதம் எம்.பி.யைப் பார்க்க மார்கரெட்டோடு என்னைத்தான் அனுப்பினார்கள். அவர் நேரம் கொடுக்க நாலு மாதம் ஆகியிருந்தது. மூன்று முறை தேதி மாற்றினார்கள், இரண்டு முறை படிவம் கேட்டார்கள். கிளம்புமுன் மார்கரெட் சொன்னார்: "உங்கள் அப்பாவைப் பற்றிச் சொல்லுங்கள், அது மனதைத் தொடும். தம்பியைப் பற்றி வேண்டாம்." செத்தவர் தொடுவார், உயிரோடு இருப்பவன் சிக்கல். சரி என்று தலையாட்டினேன்.

எம்.பி. எழுந்து வந்து கை கொடுத்தார். சுவரில் ஹெல்மெட் போட்டுச் சுரங்கத் தொழிலாளிகள் நடுவே அவர் நிற்கும் படம். மார்கரெட் நன்றி சொன்னார். நான் அப்பாவைச் சொன்னேன். அவர் முகத்தைச் சரியான அளவுக்குச் சோகமாக்கிக்கொண்டார்.

"அழுக்குக் காற்றை யாரும் விரும்பவில்லை. ஆனால் நீங்கள் கேட்கும் விலையால் இந்தப் பள்ளத்தாக்கில் வேலை போகும். அந்தக் குடும்பங்களுக்காகப் பேச நான் ஒருவன் இருக்க வேண்டுமல்லவா?"

இந்த இடத்தில் நான் புன்னகைக்க வேண்டும். ஒத்திகை அப்படித்தான்.

"நீங்க பேசுவீங்களா?" என்றேன். "நான் முதியோர் இல்லத்துல வேலை செய்யறேன். இதே பள்ளத்தாக்குல மூடின சுரங்கத்து ஆளுங்களைத் தினமும் குளிப்பாட்டறேன். அவங்க இருமறதை நான் கேக்கறேன். வேலை போன அன்னைக்கு அவங்களுக்காக யார் பேசினாங்கன்னு அவங்களையே கேட்டிருக்கேன். ஒருத்தருக்கும் ஞாபகம் இல்லை. நீங்க வருசத்துக்கு ஒரு தடவை வந்து கேக் வெட்டறதை ஞாபகம் வெச்சிருக்காங்க."

"வசந்தா" என்றார் மார்கரெட், மெதுவாக.

நான் நிறுத்தவில்லை. பழனியைச் சொன்னேன். நின்றுபோன பம்பைச் சொன்னேன். "விலையும் வேணும், அந்தப் பணத்துல அவங்களுக்கு வழியும் வேணும். ரெண்டுல எதைச் செய்யவும் உங்களுக்கு இஷ்டம் இல்லை. அதை மறைக்கத்தான் சுரங்கத் தொழிலாளியைக் கூப்பிட்டு முன்னால நிறுத்திக்கறீங்க."

அவர் கோபப்படவில்லை. அவருக்கும் அதே ஒத்திகை உண்டு போலிருக்கிறது. எந்த ஊர் என்று கேட்டார். சொன்னேன். தங்கமா என்றார். பிறகு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு எழுந்தவர், கை கொடுக்கும்போது சாதாரணமாகக் கேட்டார்:

"உங்கள் கணவர் நம்ம சுரங்கத்தில்தானே வேலை பார்க்கிறார்? நல்ல இடம்."

வெளியே வந்ததும் மார்கரெட் காரைத் திறக்காமல் நின்றார். "கோபப்பட்டுவிட்டீர்கள்." ஆமாம் என்றேன். அடுத்த வாரம் ஒரு குறிப்பு வந்தது. இனிச் சந்திப்புகளுக்கு வேறு இருவர் போவார்கள், நான் கையெழுத்து மேசையைப் பார்த்துக்கொள்ளலாம் என்று. மிக அன்பான குறிப்பு. கிழித்துப் போட்டேன். சனிக்கிழமைகளில் நூலகத்துக்குப் போவதையும் நிறுத்தினேன்.

பத்து நாள் கழித்து மனோகரன் வேலையிலிருந்து வந்து சாப்பாட்டை ஒதுக்கி வைத்தார்.

"இன்னைக்கு சூப்பர்வைசர் வந்து சிரிச்சுட்டே கேட்டான், உன் பொண்டாட்டி ரொம்ப பிஸியாமேன்னு. நான் என்ன சொல்லணும்?"

"ஆமான்னு சொல்லுங்க."

"உனக்கு ஈஸியா இருக்கு. ஊர்ல எங்க அப்பா முப்பது வருசம் ஃபேக்டரியில ஒருத்தரையும் எதிர்த்துப் பேசாம ஓட்டினார். அதனாலதான் நான் படிச்சேன்."

"எங்க அப்பாவும் எதிர்த்துப் பேசலை. அவர் என்ன ஆனார்னு உங்களுக்குத் தெரியும்."

அதற்குப் பிறகு மூன்று வாரம் வீட்டில் உப்பு, சாவி, டி.வி. ரிமோட் இவற்றைத் தவிர வேறு பேச்சு இல்லை.

6

இதுவரை எழுதியதைப் பத்து நாள் மூடி வைத்திருந்தேன். அதற்குள் ஒன்று நடந்துவிட்டது.

எங்கள் இல்லத்தில் ஒரு பாட்டியம்மாளைப் பார்க்க அவர் மகன் டெர்ரி வருவார். நிலத்தடிச் சுரங்கத்தில் இருபத்தைந்து வருடம் வேலை செய்தவர், தொழிற்சங்கத்து ஆள். எம்.பி. அலுவலகத்தில் நான் பேசியது எப்படியோ அவர் காதுக்கு எட்டியிருந்தது. சிறிய ஊர். எம்.பி.யின் கடிதம் வந்த மறு வாரம், அம்மாவின் போர்வையைச் சரிசெய்தபடியே கேட்டார், "நீங்கதான் எங்களை மூடச் சொல்றவங்களா?"

கைப்பையில் இருந்த கடிதத்தை எடுத்து நீட்டினேன். படித்தார். இரண்டாம் பத்திக்கு வந்ததும் அவர் கழுத்து சிவந்தது.

"இது எனக்கும் வந்துது. போன வருசம் நான் பென்ஷன் விஷயமா எழுதினதுக்கு. 'கரிவயலில் பிறந்து வளர்ந்தவர் என்ற முறையில்.' வார்த்தைக்கு வார்த்தை இதேதான். உங்களுக்கு மட்டும் முன்னால கோலார்னு ஊர் பேரைச் சேர்த்திருக்காங்க."

என் ஊரை எம்.பி. தவறாகக்கூடக் கேட்டிருக்கவில்லை. கேட்கவே இல்லை. அலுவலகத்தில் தயாராக ஒரு பத்தி இருக்கிறது. வருகிறவர் கழுத்தில் அதை மாட்டி அனுப்புகிறார்கள். பிழை என்று நினைத்து நான் பட்ட கோபம் சிறியது. உண்மை தெரிந்த பிறகு வந்த கோபத்துக்கு அளவில்லை.

"ஞாயித்துக்கிழமை மத்தியானம் எங்க சங்கத்து கிளப்புக்கு வாங்க" என்றார் டெர்ரி. "கத்துவாங்க. வரீங்களா?"

போனேன். முந்தின நாள் நானே ஒரு தாள் டைப் செய்திருந்தேன். முதல் வரி: வேறு வேலை கையில் இல்லாமல் ஒரு சுரங்கமும் மூடப்படக் கூடாது. இரண்டாம் வரி: புகைக்கு விலை, அந்தப் பணம் முதலில் சுரங்கக் குடும்பங்களுக்கு. கரடி இல்லை.

மனோகரன் வர மாட்டேன் என்றார். பிறகு, காரை ஓட்ட ஆள் வேண்டுமே என்றார். எனக்கு ஓட்டத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும்.

முப்பது பேர் இருந்திருப்பார்கள். கத்தினார்கள். நீ வந்த இடத்துக்கே போய்ச் சொல் என்றார் ஒருவர். போய்விட்டுத்தான் வந்தேன் என்றேன். ஷாஃப்ட் என்றும் கேஜ் என்றும் லெவல் என்றும் சொன்னபோது அறை கொஞ்சம் அடங்கியது. அந்த வார்த்தைகள் அவர்களுக்கும் வீட்டு வார்த்தைகள். எங்கள் உச்சரிப்புத்தான் வேறு. பம்ப் நின்ற பிறகு தண்ணீர் எப்படி ஏறும் என்று நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. முன்வரிசையில் ஒருவர் தலையைக் குனிந்துகொண்டார்.

இருந்தாலும் பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள். மிச்சம் இருந்தவர்களிடம், இந்தத் தாளை எம்.பி.யிடம் எடுத்துப்போக யார் யார் வருகிறீர்கள் என்று டெர்ரி கேட்டார். ஒன்பது கைகள் எழுந்தன. எண்ணும்போதே என் கண் கடைசி வரிசைக்குப் போனது. மனோகரன் இரண்டு கைகளையும் தொடைமேல் வைத்து உட்கார்ந்திருந்தார்.

காரில் பாதி வழி வந்ததும் மனோகரன் சொன்னார்:

"நாளைக்கு நான் அங்கதான் போகணும், வசந்தா. அந்த சூப்பர்வைசர் மூஞ்சியிலதான் முழிக்கணும்."

"தெரியும்."

"உனக்குக் கோபமா?"

"ஆமா. ரோட்டைப் பார்த்து ஓட்டுங்க."

வீட்டில் நித்யா, எத்தனை பேர் வந்தார்கள் என்று மட்டும் கேட்டாள். சொன்னேன். தோழியின் அப்பா, அந்த லாரி ஓட்டுகிறவர் வந்தாரா என்று கேட்டாள். வந்தார், பாதியில் எழுந்து போய்விட்டார் என்றேன். "ஓகே" என்று கதவைச் சாத்திக்கொண்டாள். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

நேற்று திங்கட்கிழமை. மனோகரன் வழக்கத்தைவிடத் தாமதமாக வந்தார். கை கழுவினார். துண்டில் துடைத்துக்கொண்டே இருந்தார், கை காய்ந்த பிறகும்.

"இன்னைக்கு மூணு பேர் எங்கிட்ட அந்தத் தாளைக் கேட்டாங்க" என்றார். "வெல்டிங் பண்றவன் ஒருத்தன், ஸ்டோர்ல ஒருத்தன். இன்னொருத்தன் அந்த சூப்பர்வைசர். அவன் தம்பியும் கரி வேலைதானாம், போன மாசம் அவங்க சுரங்கத்தை மூடிட்டாங்களாம்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"கையில இல்லேன்னேன். இல்லதானே." துண்டை மடித்து நாற்காலியில் போட்டார். "நாளைக்கு டிபன் பாக்ஸோட பத்துத் தாள் வெச்சுடு. எண்ணெய் படாம, தனியா."